தறி நிற்கும் நேரம்

வியாழக்கிழமை மட்டும் பல்லடத்தில் எனக்கு ஓர் அறை.
மூலையில் தடுப்பூசிக் குளிர்பெட்டி முனகிக்கொண்டிருக்கும்.
டாக்டரம்மா என்கிறார்கள். டாக்டர் இல்லை நான்.
திருத்துவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது.

சென்னியப்பன் செல்போனை மேசைமேல் வைத்தார்
பயிர் மேய்ந்த மாட்டைப் பிடித்து வந்தவர் போல.
நிஜமாகவே கட்டியிருந்தார்:
பாவு நூலால், குறுக்கும் நெடுக்குமாக, எட்டுச் சுற்று.
"ராவு மூணு மணி வரைக்கும் இதேதானுங்க.
நீங்களே அவுத்துப் பாருங்."

நான் அவிழ்க்கவில்லை.
அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.

என்னிடம் ஒரு படிவம் உண்டு.
நாளைக்கு எத்தனை மணி நேரம்? கட்டம்.
தூக்கம் கெடுகிறதா? கட்டம்.
நிறுத்த முயன்று தோற்றதுண்டா? கட்டம்.
நந்தகிஷோர், பதினாறு வயது,
ரேஷன் கடையில் விரல் வைப்பவனைப் போல
எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றான்.

படிவத்தைக் கவிழ்த்துவிட்டுக் கேட்டேன்:
"ராத்திரி அங்க யாரெல்லாம் இருப்பாங்க?"

அப்போதுதான் முகம் பார்த்தான்.
"நீங்க வெளையாடுவீங்களா?"
"ஒரே தடவை. எறங்கின ஒடனே செத்துட்டேன்."
"மொதல்ல எல்லாருக்கும் அப்பிடித்தானுங்" என்றான்,
ஆறுதலாக.

பிறகு வழக்கமாகச் சொல்லும் வரியைச் சொன்னேன்:
இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்,
உயிருக்கு ஆபத்து என்றால் தவிர.

குளிர்பெட்டி நின்றது. கரண்ட் போயிருந்தது.
"எந்த உயிருக்குங்?"

இருநூறு பேரிடமாவது சொன்ன வரி.
அதில் ஓர் ஓட்டை இருந்தது எனக்குத் தெரியாது.

மேசை விளிம்பில் பிசிர் உரித்துக்கொண்டே சொன்னான்.
நாலு பேர் அணி. ஆட்டம் முடிந்தும் மைக்கை அணைக்காத ஒருவன்.
பேர் தெரியாது, 'இடி நாற்பத்தொன்று'.
ஊர் தெரியாது, பின்னால் ரயில் போகும்.
மார்கழியில் ஒருநாள் சொன்னானாம்:
நாளைக்கு நான் வரலைன்னா ஏன்னு கேக்காத.
பேச ஒன்றும் இல்லாத ராத்திரிகளிலும்
மைக்கைத் திறந்துவைத்துச் சும்மா இருப்பார்களாம்.
அந்தப் பக்கம் ரயில். இந்தப் பக்கம் தறி.

"எங்கூட்டுல தறிச் சத்தத்துல எல்லாரும் தூங்குவமுங்.
நின்னாத்தான் முழிப்பு வரும்.
அது மாதிரித்தானுங் இதும்."

எத்தனை மணி நேரம் என்ற கட்டத்தில்
ஏழு என்று எழுதியிருந்தேன்.

"அப்பா எப்பக் கட்டுனாரு?"
"நேத்துச் சாயங்காலம்."

கத்திரிக்கோல் தேடினேன்.
வேண்டாமுங் என்றான். தறிக்காரர் முடிச்சு;
எந்த இழையைத் தளர்த்த வேண்டுமென்று
அவன் நகத்துக்குத் தெரிந்திருந்தது.
சார்ஜ் நாலு சதவீதம்.

"சாகோணும்னு தோணுதான்னு நேராக் கேக்கலாமுங்களா?
கேட்டா நானே ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிராதுங்களா?"
"ஆகாது. கேக்கலாம்.
கேட்டுட்டு அவன் சொல்றத முழுசாக் கேளு.
இனி இத நீ ஒருத்தனே சொமக்க வேண்டாம்.
அவன் பக்கத்துல இருக்கற பெரியவங்க யாராச்சும் வேணும்.
அதையும் கேளு."

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.
படிவத்தின் பின்பக்கம் உதவி எண்ணை
பெரிதாக எழுதி அவன் பக்கம் தள்ளினேன்.
அடித்தான், அழித்தான், அடித்தான்.
வெளியே சென்னியப்பனின் செருப்பு
நடந்தது, நின்றது, நடந்தது.

கரண்ட் வந்தது.
பெட்டி முனகியது. ரோட்டுக்கு அப்பால்
ஒவ்வொரு தறியாக ஓடத் தொடங்கியது.
சார்ஜரை நீட்டினேன்.
அவன் கை நீட்டி வாங்கினான்,
கண்ணை எடுக்காமல்.