பிசிர்

பால் ஏற்றி முடிந்த மறுகா
குசினிப் படியில் குந்தி
தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்க்கிறேன்.
அடியில் மெருகு பூசாத வளையம்,
நாக்கு ஒட்டுகிற சொரசொரப்பு.
தீட்டுக்கல் போன மாரியில் இரண்டாய்ப் பிளந்தது.
ஒரு பாதியை நேசரூபி கொண்டுபோனாள்,
மற்றதை நாய் புதைத்ததா வெள்ளம் புதைத்ததா தெரியாது.
கொத்தியாபுலையில் கல்லுக்கா பஞ்சம்,
ஆனாலும் வீட்டில் எனக்குக் கோப்பைதான்.

அலகைச் சரிக்கிறேன்.
முதுகுக்குக் கீழே
பத்து ரூபாய்க் குத்தி இரண்டு நுழையவேண்டும்.
மூன்று நுழைந்தால் விறகு கொத்தலாம், கயிறு அறாது.
ஒன்றென்றால் மயிர் வழிக்கலாம்,
காரைமுள்ளில் பல்லுடைந்து திரும்பும்.

இந்தப் பக்கமே இழுக்கிறேன்,
அந்தப் பக்கம் ஒரு பிசிர் எழும்பும் வரைக்கும்.
கண்ணுக்குத் தெரியாது.
நகத்தைக் குறுக்காக விட்டால் பிடிக்கும்,
பழஞ்சாறத்து நூல் மாதிரி.
மறுகா திருப்பிப்போட்டு அதைத் துரத்துவது.
இங்கே இருபது, அங்கே இருபது,
பத்து, ஐந்து, ஒன்று,
கடைசியில் அவர் விட்டுப்போன பெல்ட்டின் உட்புறத்தில்
முதுகு முன்னே போக இழுத்து
உதிர்த்துவிடுவது.

கரண்ட் பில்லில் பார்த்தேன்.
நிலுவைத் தொகைக்குக் கீழே
சத்தமில்லாமல் போனது.

கட்டாரிலிருந்து அவர் அனுப்பிய கத்தி
அலுமாரியில் கிடக்கிறது.
மடக்குகிறது, மினுங்குகிறது,
கறள் பிடிக்காது.
கல்லையும் அதற்குப் பிடிக்காது.
போனில் கேட்டால், நல்லா வெட்டுது என்பேன்.

இது லொறி வில்லுத்தகட்டில் அடித்தது.
பாலைமரப் பிடி, மேலே ரியூப் சுற்று.
ஈரத்தோடு ஒரு இரவு உறைக்குள் கிடந்தால்
விடியச் செம்மண் பூசி நிற்கும்.

உன்னிச்சைக்கு அங்கால், பட்டியில், கோப்பை இல்லை.
வாய்க்காலோரம் உள்ளங்கையளவு கல்,
ஒரு முகம் தட்டையாக,
தண்ணீர் தொட்டு வட்டம் வட்டமாக.
வைகாசியில் அதற்கும் பஞ்சிப்பட்டேன்.
நடுச்சாமம் சிவலையின் கன்று
நைலோன் கயிற்றில் கழுத்தை முறுக்கிக்கொண்டு
கண் வெளியே தள்ளக் கிடந்தது.
டோர்ச் வாயில்.
கத்தி கயிற்றில் வழுக்கி
என் விரல்மொழியை வெட்டியது,
மறுகா அதன் காதை.
கன்று பிழைத்தது.
காது இன்றைக்கும் இரண்டு இலையாகத்தான் ஆடுகிறது.

பின்னேரம் ஆயித்தியமலைச் சந்தியில்
பைக்கை மறித்தார்கள்.
பொடியன், கழுத்தில் வேர்க்குரு.
பால்கானைத் தட்டினான்,
உறையிலிருந்து கத்தியை உருவினான்.
மொகடத?
ஹரக், என்றேன். மாடு.
மாட்டுக்குக் கத்தி எதற்கென்று நின்றான்.
நானும் நின்றேன்.

பிறகு பெருவிரலை வைத்தான்,
நெடுக்காக.
குறுக்காக என்பதற்கு
எனக்குச் சிங்களம் தெரியாது.

மொட்டைக் கத்தி உடனே நோகும்.
தீட்டினது சற்று யோசிக்கும்.
வெள்ளையாய் ஒரு கோடு,
மறுகாதான் அது நிறைந்தது.
எனக்குப் பயம் வந்தது.
அதற்கு முன்னம், சொல்ல வெட்கம்,
பெருமை வந்தது.

விரலைச் சூப்பினான்.
தகரக் கொட்டிலிலிருந்து ஒருவன் ஏதோ கேட்டான்,
இவன் இல்லையென்று தலையாட்டினான்.
அலகைத் தான் பிடித்து
பிடியை என் பக்கம் திருப்பித் தந்தான்.
யாரோ அவனுக்கு அதைப் பழக்கியிருக்கிறார்கள்.

மழை தொடங்கிற்று.
துடைக்காமல் உறையில் செருகினேன்,
பட்டியில் மாடு எண்ணிய களைப்பில் மறந்தேன்.

விடிய உருவினால்
அலகின் தட்டையில் ஒரு பெருவிரல்,
கறளில்.
சுழி, அதன் மேல் சுழி,
நடுவில் அந்த வெட்டு.
அடையாள அட்டைக்கு உருட்டி எடுத்தாலும்
இவ்வளவு தெளிவாக விழாது.

அரைத் தேசிக்காய், அடுப்புச் சாம்பல்,
தேங்காய்மட்டைத் தும்பு.
சுழிகள் ஒவ்வொன்றாகப் போயின.
தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டு
துணியால் இழுத்தேன்.
வெயிலில் சரித்தால் மட்டும்
ஒரு நிழல் இன்னும் கிடக்கிறது.

அது வெட்டுக்குக் குறுக்கே நிற்கவில்லை.
காரைக்கம்பு நாலு கட்டு வெட்டி
யானை பிரித்த பக்கம்
வேலி அடைத்தேன்.