ஏழாம் குழாய்

வேப்பூர் கூட்டுரோட்டுக்கு மேற்கே
அஞ்சலாட்சியின் மக்காச்சோளக் கொல்லை.
குருத்தைப் பிரித்தால் மரத்தூள் போல எச்சம்,
அதற்கடியில் அது.
தலையில் கவிழ்ந்த ஒய்,
வால்பக்கம் சதுரமாய் நான்கு புள்ளி.
படைப்புழு என்று சொல்ல நான் வரவேண்டியதில்லை.
அவள்தான் மூன்று போகமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு குழாய்க்கு ஒரு புழு.
சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தின்று
ஒற்றை ஆளாய்ச் சிதம்பரம் வந்து இறங்கும்.
ஆல்கஹால் தீர்ந்துபோன அன்று கற்ற பாடம்.

"இது நெல்லுக்கு வருமா?"
வரப்புக்கு அந்தப் பக்கம் கை நீண்டது.
அங்கே நாத்தனாரின் நாற்றங்கால்,
இருபது நாள் பச்சை.
பார்த்தால் தெரியாதுங்க, என்றேன்.
"பாத்தாத் தெரியாததை
அப்புறம் எதை வச்சுப் பாப்பீங்க?"

விருத்தாசலம் பேருந்தில் மடியில் ஐஸ் பெட்டி.
மீனா, என்றார் நடத்துநர்.
புழு, என்றேன்.
பக்கத்து இருக்கை காலியானது.

உருவத்தில் ஒன்று, குலத்தில் இரண்டு.
ஒன்று நெல்லையும் புல்லையும் தேடும் என்பார்கள்,
மற்றது சோளத்தை.
நகக்கண் அளவு சதையை
அரைத்து, கழுவி, சுழற்றி
இயந்திரத்துக்குக் கொடுத்தேன்.
கொதித்தது, ஆறியது, கொதித்தது,
முப்பத்தைந்து சுற்று.
முப்பத்தோராவதில் கரண்ட் போனது.
மறுபடி முதலிலிருந்து.

பத்து நாள் கழித்து எழுத்துகள் வந்தன.
நான்கே நான்கு எழுத்து.
அதில் உயிரெழுத்தும் கிடையாது, மெய்யெழுத்தும் கிடையாது,
உயிரையும் மெய்யையும் எழுதுவது மட்டும் அது.

தாய்வழி மட்டும் இறங்கும் துண்டு
நெல் என்றது.
தகப்பனும் கை வைத்த துண்டு
சோளம் என்றது.
ஏழாம் குழாயில்தான் முதலில் பார்த்தேன்.
என் கை பிசகியது என்று நினைத்து
மற்றதையும் ஓட்டினேன்.
பதினொன்றில் எட்டு, இப்படியே.

போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மோட்டார் சத்தம் மட்டும்.
"எங்கம்மா பொறந்த ஊரு நெல்லு,
எங்கப்பா ஊரு சோளம்.
நான் ரெண்டையும்தான் திங்கிறேன்."
பிறகு, சிரிக்காமல்:
"வருமா வராதா, அதைச் சொல்லுங்க சார்."

அறிக்கைப் படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி வேப்பூர்.
பன்னிரண்டாம் குழாயில்
நாத்தனார் வயலின் பெயரை எழுதி ஒட்டியாயிற்று.
நாற்றை ஒவ்வொன்றாய் விலக்கிப் பார்த்து
அதை வெறுங்குழாயாகவே
திருப்பிக் கொண்டுவர வேண்டும்.