எழுதப்படாத விதி

பாயான் லெப்பாஸ். அதிகாலை மூன்று பத்து.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேக்குகள் இரைகின்றன.
ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு
ஒற்றை விரலால் கேட்கிறேன்:
என்ன செய்யப் போகிறாய், முதலில் சொல்.

திரை யோசிக்கிறது.
பிறகு ஒரு கணக்குப்பிள்ளையின் குரலில்:
சேர்க்க வேண்டியது பூஜ்யம்.
மாற்ற வேண்டியது பூஜ்யம்.
அழிக்க வேண்டியது ஒன்று.

ஃபயர்வாலில் ஒரு விதி. எண் நூற்று நாற்பத்தேழு.
என் கோப்பு எதிலும் அது இல்லை.

இங்கே எல்லாமே எழுத்து.
முன்பு ஒரு சர்வர் வேண்டுமென்றால்
படிவம், மூன்று கையெழுத்து, ஊய் பெங் சூனின் மனநிலை,
ட்ராலி தள்ள ஓர் ஆள்.
இப்போது பேமண்ட் குழுப் பையன்கள்
பன்னிரண்டு வரி எழுதி அனுப்புகிறார்கள்.
படித்துச் சரி என்றால் போதும்,
அவர்கள் தே தாரேக் ஆறுவதற்குள்
நான்கு சர்வர்கள் கண் விழித்துவிடும்.
எழுதியபடி இரு. அவ்வளவுதான் கட்டளை.
எழுதாமல் முளைத்தது எதுவானாலும்
நான்கு மணி ஓட்டத்தில் அறுபட்டுவிடும்.
இந்த அரிவாளைத் தீட்டியவள் நான்.
தலையெழுத்து என்று அம்மா சொல்லும்போதெல்லாம்
எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று கேட்டு
வாங்கிக் கட்டிக்கொள்பவள்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
கையால் திறந்தவர்: ஃபைஸுல் அஸ்ரி.
இரவு பதினொன்று நாற்பத்திரண்டு.
தேதியைப் பார்த்ததும் விரல் நின்றது.

தீபாவளி.

அன்று அட்டவணையில் என் பெயர்தான்.
நீ போ லா, ஹரிராயாவுக்கு நீ நிற்கவில்லையா என்று
என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.
பாலம் தாண்டி, பிறையில் அக்காள் வீட்டில்
முறுக்கு உடைத்துக்கொண்டிருந்தேன்.
போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை.
நல்ல ராத்திரி என்று நினைத்தேன்.

பட்டர்வொர்த்தில் ஒரு டயாலிசிஸ் நிலையம்,
பத்தொன்பது படுக்கை, விடியற்காலை ஐந்துக்கு முதல் ஷிப்ட்.
யார் எந்தப் படுக்கை என்ற பட்டியல்
எங்கள் வழியாகத்தான் போகும்.
அவர்கள் முகவரியை மாற்றியிருக்கிறார்கள், சொல்லவில்லை.
என் சுவர் சொன்னபடி கேட்கிற சுவர்,
உள்ளே விடவில்லை.

சரி சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர், அவனும் நானும்.
எழுதியவரே சரி சொல்லக்கூடாது.
அதுவும் நான் எழுதிய விதி.

அவன் என்னை எழுப்பவில்லை.
சுவரில் கையால் ஒரு துளை போட்டான்.
குறிப்பில் மலாயில் ஒரே வரி:
அவளுக்குப் பண்டிகை, பிறகு சொல்கிறேன்.

பண்டிகைக்காக நிறுத்திவைத்த ஓட்டத்தை
இன்றுதான் மறுபடி திறக்கிறோம்.
நடுவே பன்னிரண்டு நாள்.
ஒரே மேசையில் நாசி கண்டார் சாப்பிட்டோம்,
என் தட்டிலிருந்து வெண்டைக்காயை எடுத்துக்கொண்டான்.
சொல்லவில்லை. மறந்திருப்பான்.

ஓட்டத்தை இன்னும் ஒரு நாள் நிறுத்தலாம்.
பிறகு எழுதிக்கொள்ளலாம்.
இந்தப் பிறகுதானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது,
எண் நூற்று நாற்பத்தேழாக.

எழுதினேன். ஏழு வரி.
எங்கிருந்து, எந்தக் கதவு, எவ்வளவு தூரம்.
ஏன் என்பதற்குக் கட்டம் இல்லை,
மேலே ஒரு குறிப்பாகச் சேர்த்தேன்:
பத்தொன்பது படுக்கை. அழிக்கும் முன் போன் செய்.

மூன்று நாற்பத்தொன்பது.
எழுதியது நான். சரி சொல்ல வேண்டியவன்
சுங்கை ஆராவில் தூங்குகிறான்.

ஐந்தாவது மணியில் எடுத்தான்.
எந்த சர்வர் என்றது தூக்கம்.
சர்வர் இல்லை, விதி என்றேன். நூற்று நாற்பத்தேழு.

அலாமாக், என்றான்.
அவனுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழத் தொடங்கியது.
லேப்டாப் திறக்கும் சத்தம். தாலாட்டா, முணுமுணுப்பா தெரியவில்லை,
இடையிடையே ஒற்றைக் கையால் தட்டும் ஓசை.

பச்சை விழுந்தபோது மூன்று ஐம்பத்தெட்டு.
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்றது திரை.
குழந்தை இன்னும் அடங்கவில்லை.
போனை இருவரும் வைக்கவில்லை.