மூன்றாம் தொட்டி

ஆரணியில் நெல் அவிக்கிற மில்லுக்கெல்லாம்
ஒரு பின்பக்கம் உண்டு.
அரிசி வாங்க வருகிறவர்கள் அங்கே வருவதில்லை.
எட்டு மணி நேரம் நெல் ஊறிய தண்ணீர்
வெளியேறும்போது டீ நிறம்.
மறுநாள், யாரோ மறந்து மூடி வைத்த கஞ்சியின் வாடை.
அதற்கடுத்த நாள்
பக்கத்து மனைக்காரர் புகார்.

முதலாளி தணிகாசலம் என்னை வேலைக்கு எடுத்தது
அந்தப் புகாருக்கு எழுத்தில் பதில் சொல்ல.
நான் பாசி என்றேன்.
"வழுக்குமே, அதுவா?" என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து ரயிலில், என் மடியில்,
இரண்டு லிட்டர் பாட்டிலில் வந்தது பச்சை.
மூச்சு விடட்டுமென்று மூடியைத் தளர்த்தியிருந்தேன்.
ஜோலார்பேட்டையில் எதிர் சீட்டுக் குழந்தை
"ஜூஸா?" என்றது.

பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள் தொட்டி மறுபடி டீ நிறம்.
சூடு தாங்கவில்லையோ, வெளிச்சம் போதவில்லையோ,
நெல்லின் புளிப்போ.
நோட்டில் மூன்றையும் எழுதி
மூன்றையும் அடித்தேன்.

பாய்லர் கன்னியப்பன்
வெள்ளிக்கிழமைதோறும் பிளீச்சிங் பவுடர் தூவி
தென்னந்துடைப்பத்தால் கால்வாய் ஓரத்தைத் தேய்ப்பார்.
பூஜைக்கு வருகிறவர்கள் வழுக்கி விழக்கூடாது.
அன்றைக்கு அவர் வழியில் குந்தியிருந்தேன்.
"எவ்வளவு தேய்ச்சாலும் திரும்ப வருது மேடம், சனியன்.
இருபது வருஷமா."

இருபது வருஷமா.
வெந்நீரில். புளிப்பில். பிளீச்சிங்கில்.

டிபன் பாக்ஸ் ஸ்பூனால் சுரண்டினேன்.

இப்போது ஆடி முடிகிறது.
சைக்கிள் சக்கரத்தில் தகடு கட்டி
மூன்றாம் தொட்டியைக் கலக்குகிறோம்.
பகல் இரண்டு மணிக்கு ஓரமெல்லாம் குமிழ்.
கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீரை
கண்ணாடி டம்ளரில் வெயிலுக்குத் தூக்கினால்
அந்தப் பக்கம் கன்னியப்பன் சட்டை தெரிகிறது,
நாலாவது பொத்தான் இல்லாததும்.

குடிக்கிற தண்ணீர் இல்லை. அப்படி யாரிடமும் சொல்ல மாட்டேன்.
மழை மூட்டத்தில் மங்குகிறது.
கரண்ட் போன இரவில்
பாசிக்கும் நம்மைப் போல மூச்சு முட்டும்.
நேற்றைய அளவு இரு மடங்கு. ஏனென்று தெரியவில்லை.

ஏரி மீன் ஏலத்துக்குப்
பாசிக்குத்தகை என்று பெயர் வைத்தவர்களுக்கு
எதைத் தின்று எது வளர்கிறதென்ற கணக்கு
தெரிந்திருக்கிறது.
தணிகாசலமும் கேட்க ஆரம்பித்துவிட்டார்,
காய வைத்தால் கிலோ என்ன போகும்?

கன்னியப்பன் இன்னும் வெள்ளிக்கிழமை தேய்க்கிறார்.
கால்வாய் திரும்பும் இடத்தில், இடதுபுறம்,
ஒரு முழம் மட்டும் விட்டுவிடுகிறார்.

"விதைக்கு" என்கிறார்.