இடது ஓரம்

பதினாலாயிரம் இருக்கைகள்.
நீலத்தின் நடுவே வெள்ளை இருக்கைகளால்
எங்கள் கிளப்பின் பெயர்: அஸோத்.
உரத் தொழிற்சாலை ஓடிய காலத்தில்
ஆட்கள் மேலே உட்கார்ந்துவிடுவதால்
அதை யாரும் முழுதாய்ப் படித்ததில்லையாம்.
இப்போது எந்தச் சனிக்கிழமையும்
ஓர் எழுத்து குறையாமல் படிக்கலாம்.

ஈ காக்கை இல்லை என்பது தவறு.
காக்கை இருக்கிறது.
கார்னர் கொடிக்குப் பின்னால்
யாரோ துப்பிய சூரியகாந்தி விதைத் தோலை
அலகால் புரட்டிப் புரட்டி
ஏமாந்துகொண்டிருக்கிறது.

போன ஆட்டத்தில், எழுபதாவது நிமிடம்,
ஒலிபெருக்கியில் வெலிச்கோ:
"இன்றைய பார்வையாளர்கள் இருநூற்று எண்பது.
வந்தமைக்கு நன்றி."
கோல்கீப்பர் கலோயன் கம்பத்தில் சாய்ந்து எண்ணி
நூற்றுப் பன்னிரண்டு என்றான்.
போலீஸ்காரர்களைச் சேர்த்தா?
சேர்த்துத்தான்.
ஆம்புலன்ஸ் டிரைவர்?
தூங்குகிறார், விட்டுவிட்டேன்.

நிறைந்த மைதானத்தில் வசவு என்பது மழை.
யார் தலையில் விழுந்தோம் என்று துளிக்கே தெரியாது.
இங்கே அது கல்.
முகவரி எழுதிய கல்.

என் கல்லை எறிபவர் சோலோ.
இருபதாம் வரிசை.
முதல் பாதி முழுக்க நான் ஓடும் ஓரத்தில் இருப்பார்.
இடைவேளையில் எழுந்து
மைதானத்தைச் சுற்றி நடந்து
எதிர்ப்பக்கம் போய் உட்காருவார்,
என்னை விட்டுவிட மனமில்லாமல்.

"இலியான், நீ என்ன பால் வண்டியா?
வீட்டுக்கு வீடு நின்னு நின்னு போறே!"
"இலியான், அந்தப் பந்து உன் மாமனாராடா?
கிட்டப் போகவே கூச்சப்படுறே!"

ஒருமுறை ஓடிக்கொண்டே பதில் சொன்னேன்:
"நீங்க இறங்கி வாங்க,
நான் மேலே உட்கார்றேன்."
லைன்ஸ்மேன் கொடியால் வாயை மூடிச் சிரித்தான்.
மஞ்சள் அட்டை எனக்கு மட்டும்.

கொதிகலன் பழுது பார்ப்பவர் அவர்.
நவம்பரில் என் வீட்டுக்கு வந்தார்.
குழாய்க்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி
கிராஸ் போடும்போது இடுப்பைத் திருப்பு என்றார்.
மூன்று மாதமாய்ச் சம்பளம் வரவில்லை என்றேன்.
தெரியும் என்றார்.
கூலியைப் பாதியாக்கினார்.
சனிக்கிழமை திட்டினார்,
முழுசாக.

இன்று பனிமூட்டம்.
இருபதாவது நிமிடத்தில் பந்து என் காலடியில் நழுவி
வெளியே போயிற்று.
திரும்பி நின்றேன், வாங்கிக்கொள்ள.
ஒன்றும் வரவில்லை.
அடுத்த பாஸ் நேராக ஒரு போலீஸ்காரரின் மடிக்கு.
அப்போதும் இல்லை.
பந்து ஈரப்புல்லில் உருளும் சத்தம் கேட்டது.
ஐம்பது மீட்டருக்கு அப்பால்
கலோயன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அவர் மகள் சரகோசாவில் இருக்கிறாள்.
கூப்பிட்டிருப்பாளோ.
இந்த ஊரில் அப்படித்தான்:
ஒரு வாரம் ஒரு இருக்கை காலியாகும்,
மறுவாரம்
எந்த நாட்டில் வேலை என்று தெரியவரும்.

இடைவேளையில் பயிற்சியாளர்
பலகையில் அம்புகள் வரைந்துகொண்டிருக்க
நான் நழுவி டிக்கெட் ஜன்னலுக்கு ஓடினேன்.
"சோலோவா?" என்றாள் பென்கா.
"முதல் ஆளா வந்தார். அஞ்சு லெவா குடுத்தார்.
ஒரு வார்த்தை பேசல.
கக்கத்துல ஏதோ அட்டைக் கட்டு."

இரண்டாம் பாதியில் பனி கொஞ்சம் தூக்கியது.
கிளப் பெயரின் வட்ட எழுத்துக்கு
நட்ட நடுவில் ஒரு கறுப்புக் கோட்டு.
கழுத்தில் மூன்று சுற்று மஃப்ளர்.
தொண்டை கட்டியிருக்கிறது மனிதருக்கு.
தலைக்கு மேலே
கொதிகலன் பெட்டியிலிருந்து கிழித்த அட்டை,
அதில் தடித்த எழுத்தில் ஒரே சொல்:
இடுப்பு.

முதல் பாதி முழுவதும்
பனிக்குள்ளே தூக்கிப் பிடித்திருக்கிறார்.

பந்து வந்தது.
இடுப்பைத் திருப்பித்தான் அடித்தேன்.
அது கோலுக்கு மேலே, வலைக்கு மேலே போய்
காக்கையைக் கிளப்பிவிட்டு
காலி இருக்கைகளில் தட்டித் தட்டி இறங்கிற்று.

நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள்
அடுத்த அட்டை ஏறிவிட்டது:
பால் வண்டி.