நாற்பத்திரண்டு வெள்ளி

மாணவர் சந்தா, ஆண்டுக்கு நாற்பத்திரண்டு வெள்ளி.
ஈசூன் உணவங்காடியில் அது
ஒன்பது தட்டு மீ கோரெங், மிச்சத்துக்கு ஒரு தே ஓ
என்று கணக்குப் போட்டான் அண்ணன்.
"மனோவியல் சங்கம் சோறு போடுமா?"

போட்டது.
பிராஸ் பசாவில், ஆறாவது மாடியில்,
குளிரூட்டியில் விறைத்த கறிபாப்,
காகிதத் தட்டில் பீஹூன்.
சட்டையில் ஒட்டிய வில்லையில் இடம் போதாமல்
மதிவதனி நான்
மதிவத ஆகியிருந்தேன்.

துண்டறிக்கை சொன்ன நன்மைகள்:
ஆய்விதழ் இலவசம், மாநாட்டுக்குப் பாதி விலை,
தன்விவரத்தில் கூடுதலாய் ஒரு வரி.
அந்த வரிக்காகத்தான் போனேன். பொய் சொல்வானேன்?

ஆனால் மூன்று வாரமாய்
என்னிடம் வேறொன்றும் இருந்தது.
இரவுநேரத் தொலைபேசிச் சேவையில் நான் தொண்டூழியர்.
ஏதோ ஒரு தங்குவிடுதியிலிருந்து
ஒருவர் தமிழில் பேசினார்.
படிவத்தில் 'தலைவலி' என்று எழுதினேன்.
அவர் சொன்னது அதுவல்ல.
அதற்கு என் பாடப்புத்தகத்தில் பெயரில்லை,
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் இல்லை.
வீட்டில் சொல்லக்கூடாது. தோழியிடமும் கூடாது.
ஈசூனுக்கும் காத்திப்புக்கும் இடையே ரயிலில்
அந்த ஒரே வாக்கியம்
என்னோடு நின்றுகொண்டே வரும்,
இருக்கை காலியாய் இருந்தாலும்.

எங்கள் மேசையில் ஐந்து பேர், எல்லாரும் மாணவர்கள்.
ஹஸ்லிந்தாதான் முதலில் வாய் திறந்தாள்.
"உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டது என்றார் ஒருவர்.
வாயுக்கோளாறு என்று குறித்துவிட்டேன்."
சிரித்தோம்.
அவள் சிரிக்கவில்லை. நிறுத்தினோம்.
ஸீ யுவென் தன் தாளைத் திருப்பிக் காட்டினான்:
ஹொக்கியனில் ஒரு சொல்,
அதன்மேல் ஓர் அடித்தல்,
அடித்தல்மேல் இன்னோர் அடித்தல்.

என் முறை வந்தது.
பெயர் சொல்லவில்லை, விடுதி சொல்லவில்லை,
குரலில் இருந்த ஊரையும் சொல்லவில்லை.
தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிய விதி
அன்று
ஓடும் ரயிலின் கைப்பிடிக் கம்பியானது,
ஐந்து பேருக்கும் ஒன்றே.
என் தவற்றை மட்டும் சொன்னேன்.
அவர் வாக்கியத்தை
இங்கேயும் எழுத மாட்டேன்.

யாரும் தேற்றவில்லை.
"மேற்பார்வையாளரிடம் சொன்னாயா?"
"இல்லை."
"நாளைக்குச் சொல்."
அவ்வளவுதான்.
கூடவே, துண்டறிக்கையின் ஓரத்தில்
ஹஸ்லிந்தாவின் கைப்பேசி எண்,
ஏழா ஒன்றா தெரியாத ஓர் இலக்கத்தோடு.
முதலில் ஏழு என்று அழைத்துப் பார்த்தேன். ஒன்றுதான்.

மறுநாள் சொன்னேன். படிவம் திருத்தப்பட்டது.
அண்ணன் இன்னும்
மீ கோரெங்கில்தான் கணக்கு வைத்திருக்கிறான்.

வியாழன் இரவு மறுபடி மணி அடித்தது.
யார், எங்கிருந்து என்பதையெல்லாம் விடுங்கள்.
நான் பேசியதை மட்டும் சொல்கிறேன்:
"உங்க பேச்சிலேயே சொல்லுங்க. அவசரமில்லை."
மறுமுனையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
பேனா மூடியைத் திறக்காமல்
காத்திருந்தேன்.