தலைகீழ்க் கொக்குகள்

பெயிண்ட் கடையில் தூக்கிப்போட இருந்த
வால்பேப்பர் மாதிரிப் புத்தகம்.
பச்சைக்குழந்தைக் கனம்.
வென்ட்வொர்த்வில் ஸ்டேஷன் படியில்
இரண்டு தடவை இறக்கிவைத்துத் தூக்கிவந்தேன்.

அதிலிருந்து முப்பத்தொரு பைகள்.
மை தீர்ந்த பேனாவால் கோடு அழுத்தி,
அடிமட்டத்தின் விளிம்பில் மடித்து,
அடியில் நான்கு காதுகளையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி,
இரண்டு டாலர் கடைச் சணலில் கைப்பிடி.
பெப்ரவரிப் புழுக்கத்தில் பசை காயவில்லை.
வீட்டிலிருந்த பருப்பு டின்களெல்லாம்
பைகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன,
அன்றைக்குச் சாம்பார் இல்லை.

கொக்குப் படத் தாளில் மட்டும்
ஒரு பக்கத்தைத் தலைகீழாய் ஒட்டிவிட்டேன்.
முன்னால் கொக்குகள் மீனுக்குக் காத்திருக்க,
பின்னால் அதே கொக்குகள்
வானத்தில் கால் ஊன்றித் தவம் செய்தன.
விற்க முடியாது.
கிருபாலினியின் மகனுடைய முதலாம் பிறந்தநாளுக்கு
ஒரு மரரயிலை அதில் போட்டுக் கொடுத்தேன்.

மூன்று வருடம் கழித்து, போன சனிக்கிழமை,
அந்தப் பை என் கதவைத் தட்டியது.
எதிர்ஃபிளாட்டுக்குப் புதிதாய் வந்த இருவர்,
உள்ளே இரண்டு மெழுகுவர்த்தி.
"பை நல்ல வடிவு, என்ன?" என்றாள் அந்தப் பெண்.
"ஒரு பக்கம் நேர், ஒரு பக்கம் தலைகீழ். என்ன மாதிரி யோசிச்சிருக்கினம்!"
நான் தேநீர் போடப் போய்விட்டேன்.

அவர்கள் போனதும் பெயர்ச்சீட்டை உரித்தேன்.
அடியில் இன்னொன்று: நிரோஜனுக்கு, சித்தி குடும்பம்.
அதற்கும் அடியில்: சுதர்மாவின் புது வீட்டுக்கு.
அதற்கடியில் பாதி கிழிந்து, வெறும் "அன்புடன்".
கைப்பிடி ஒன்று சணல், மற்றது நீலக் கம்பளி நூல்.
மூலையில் ஜிகினாத் தூள், காய்ந்த கேக் துணுக்கு.
யாரோ இஸ்திரி போட்டிருக்கிறார்கள்,
ஒரு கொக்கின் மூக்கு தீய்ந்திருந்தது.

அடி அட்டை கழன்று ஆடியது.
கையில் எடுத்த பிறகுதான்
அது என்ன அட்டை என்று ஞாபகம் வந்தது.

வதனியும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கிய கட்டர்
என் மேசையில் இருந்தபடியால் எனதாகிப்போனது.
சண்டை அங்கே தொடங்கியது. முடிந்த இடம் வேறு,
அதை இங்கே எழுத மாட்டேன்.
ஒருநாள் அவளுக்கென்று ஒரு கார்டு வெட்டினேன்.
தடித்த க்ரீம் அட்டை, ஓரமெல்லாம் ஊசிக்குத்து வேலை,
மூன்று இரவு.
உள்ளே ஜெல் பேனாவில் ஒரே ஒரு சொல்:
மண்ணிப்பாயா

மூன்று சுழி.
மன்னிப்பு மண்ணுக்குள் போய்விட்டது.
ஜெல் மை அழியாது, இன்னொன்று வெட்டக் கை எழவில்லை.
நல்ல அட்டை வீணாகக் கூடாதே என்று
ஓரத்தை நறுக்கி, முகம் குப்புற,
கொக்குப் பையின் அடியில் வைத்தேன்.

இப்போது அந்த எழுத்துகளின் மேல் சிவப்பில் ஒரு கோடு.
அதற்கு மேலே, நிதானமான கையெழுத்தில்,
ன்னி.
வேறொன்றும் இல்லை.
யாருக்கு, எதற்கு, ஒரு கேள்வி இல்லை.
திருத்திவிட்டுப் பழையபடி குப்புற வைத்து,
மேலே தங்கள் பரிசை வைத்துக்
கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

எந்த வீடு?
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குச்
சிவப்புப் பேனாவோடு போகிற யாராவது இருக்கும்.
நிரோஜனின் சித்தியாய் இருக்கும்.
வதனியும்தான்,
நான் எழுதிய சாமான் பட்டியலைக்கூடத்
திருத்திவிட்டுத்தான் கடைக்குப் போவாள்.
இதை நினைக்கக் கூடாது என்று
இன்றைக்கு நான்காவது முறையாக நினைக்கிறேன்.

நறுக்கிய அட்டைக்குக் கடை உறை எதுவும் அளவில்லை.
அதற்கென்று ஒன்று செய்கிறேன்.
கட்டரின் பிளேடு மழுங்கித் தாளைக் கடிக்கிறது,
சிவப்பு மை அப்படியே இருக்கட்டும்.
மூன்று காது ஒட்டியாயிற்று.

கட்டருக்கும் ஒரு பை வேண்டும்.
அந்த நீளத்துக்கு ஒரு தாள் காணாது,
இரண்டைச் சேர்த்து ஒட்டவேண்டும்,
இந்தமுறை
மேல் எது கீழ் எது பார்த்து.